இறுகிய ஜாயிண்ட்

தன் வீட்டுப் பின்சுவரோரம் ஒழுகிக்கொண்டிருந்த குழாயை அடைத்த மறுநாள் முதல், குழாய்க்காரரின் மேல் வண்ணத்துப்பூச்சிகள் உட்கார ஆரம்பித்தன. மதியத்துக்குள் சட்டையின் நிறமே தெரியவில்லை. அவர் அப்படியே வேலைக்குப் போனார், அப்படியே வீடு திரும்பினார்.

தெருவுக்கே தண்ணீர் போகும் குழாய் அது. அதன் ஜாயிண்ட் ஒன்று வருஷக்கணக்காகச் சொட்டியதில் சுவரோரம் எப்போதும் சேறு. குழாய்க்காரரின் மனைவி தையல்காரி. நாள் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்து அந்த மொட்டைச் சுவரையே பார்த்து அலுத்துப்போய், வாய்க்கால் ஓரத்தில் யாரும் சீந்தாத ஒரு காட்டுச்செடியை வேரோடு கொண்டுவந்து சேற்றில் ஊன்றினாள். அது குளிரில் கருகும்; வெயில் வந்ததும் அதே வேரிலிருந்து முளைத்து, ஆள் உயரத்துக்கு நின்று ஊதாவாகப் பூக்கும். தேனீக்கள் வந்தன. வண்ணத்துப்பூச்சிகளும் வந்தன, அவை கூட்டமாக இறக்கை அடித்த காற்றில் அவளுடைய கை மிஷினின் சக்கரம் தானே சுற்றியது. அவள் துணியைப் பிடித்துக்கொண்டால் போதும்.

தெரு சும்மா இருக்குமா? "ஊர் ஒழுகலையெல்லாம் அடைக்கிறாரு, சொந்த வீட்டுல ஆறு ஓடுது" என்று எதிர்வீட்டு சலூன்காரர் முடிவெட்ட வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். ஒருநாள் குழாய்க்காரருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. டேப்பை இரட்டிப்பாகச் சுற்றி, ஸ்பேனர் பிடியில் ஓர் இரும்புக்குழாயைச் செருகி, பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினார். அவர் வாழ்நாளில் அதைவிட நல்ல வேலை செய்ததில்லை.

செடி தலை தொங்கியது. குடம் குடமாக ஊற்றியும் தேறவில்லை; வேர் எந்நேரமும் ஈரத்தில் கிடக்கவேண்டிய செடி. மனைவி சண்டை போடவில்லை. ஜன்னலைச் சாத்திவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றித் தைத்தாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

"கழட்டிடறேன், விடு" என்றார்.

"நீங்க இறுக்கினதையா? கழட்டுங்க பார்ப்போம்" என்றாள்.

அவள் சொன்னதுதான் நடந்தது. ஸ்பேனரில் தொங்கிப் பார்த்தார். தன் வாயால் வந்த வினை என்று சலூன்காரரும் வந்து கூடத் தொங்கினார். அறுத்தால் தெருவே வறண்டுவிடும். "இப்படியாங்க இறுக்குவாங்க?" என்று சலூன்காரர் மூச்சு வாங்கினார். குழாய்க்காரர் சேறில்லாத தரையில் உட்கார்ந்து, வாடிய செடியைப் பார்த்து அழுதேவிட்டார்.

அப்போது பூச்சிகள் அவர் சட்டையை விட்டு எழுந்து, ஸ்பேனர் பிடி நெடுக உட்கார்ந்து, ஒரே பக்கமாக இறக்கை அடித்தன. பிடி கிறீச்சென்று அசைந்தது. ஒரு சொட்டு விழுந்தது, பிறகு இன்னொன்று. அதற்குமேல் அவை திருப்பவில்லை. உள்ளே ஜன்னல் திறக்கும் சத்தம் கேட்டது.

அந்த வாரமே செடி நிமிர்ந்தது. இப்போது யாராலும் கழற்ற முடியாத நட்டு என்றால் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள், பூச்சிகளையும் கூட்டிவரச் சொல்லி. செடி கருகி பூச்சிகள் வராத குளிர்காலத்தில் மட்டும் அந்த வேலையை அவர் எடுப்பதில்லை. சலூன் குழாய் இறுகிப்போய் இரண்டு மாதமாகிறது. செடி பூக்கட்டும் என்று காத்திருந்து, சலூன்காரர் கடைக்கு வாளியில் தண்ணீர் சுமக்கிறார், வாயைத் திறப்பதில்லை.