கார்னர் கிக் ரகசியம்

மூன்று மேட்ச்சில் பதினேழு கார்னர் கிக். ஒன்றுகூட உருப்படவில்லை. கார்னர் அடிக்கிறவன் பந்தை வைத்துவிட்டு இரண்டடி பின்னால் நகர்வதற்குள் எதிரணியின் உயரமான ஆட்கள் சரியான இடத்துக்குப் போய் நின்றுவிடுகிறார்கள். பக்கத்துக் கோல் கம்பம் என்றால் பக்கத்துக் கம்பம், தூரத்துக் கம்பம் என்றால் தூரத்துக் கம்பம். ரிசர்வ் செய்த சீட்டைத் தேடி உட்காருகிற பயணிகள்கூட அவர்களிடம் தோற்றார்கள்.

யாரோ போட்டுக் கொடுக்கிறார்கள் என்று கோச் முடிவுகட்டினார். ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் அவரை அங்கிருந்து கிரேன் வைத்துத்தான் நகர்த்த வேண்டும்.

அவரும் இதே கிளப்பில் பதினாலு வருஷம் ஆடியவர்தான். டிஃபெண்டர். பட்டப்பெயர் 'பூட்டு'. அவர் இருக்கிற பக்கம் பந்தோடு வந்தவர்கள் பந்தை விட்டுவிட்டு உடம்பைக் காப்பாற்றிக்கொண்டு போனார்கள். கார்னர் கிடைத்தால் பூட்டு முன்னால் ஓடிவந்து எம்பித் தலையால் முட்டுவார்; அப்படியே முப்பத்தொரு கோல். இடது முட்டியை இரண்டாவது தடவை திறந்து பார்த்த டாக்டர், "நடக்கலாம், எம்பக் கூடாது" என்று சொன்னதோடு அந்தக் கதை முடிந்தது. கிளப் அவரைக் கோச் ஆக்கியது. ஆடும்போது தன் காலை நம்பினால் போதும். கோச் ஆனால் இருபது பேருடைய காலை நம்ப வேண்டும். நம்புவது அவருக்குக் கைவராத வேலை.

கார்னருக்கு நாலு திட்டம் வைத்திருந்தார். மேட்ச் அன்று முதல் கார்னருக்கு எது, இரண்டாவதுக்கு எது என்று வரிசை போட்டு, மைதானத்தில் இறங்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது டிரெஸ்ஸிங் ரூமில் சொல்வார். அந்த வரிசைதான் வெளியே போகிறது. முதல் தோல்விக்குப் பிறகு எல்லார் செல்போனையும் வாங்கி ஒரு வாளியில் போட்டார். இரண்டாவது தோல்விக்குப் பிறகு கதவுப் பூட்டை மாற்றினார். ஜெர்சி துவைக்கிற அம்மா ஈரத் துணியோடு உள்ளே வந்தால் பேச்சை நிறுத்திவிட்டு, அவர் போகும்வரை முறைத்துக்கொண்டு நின்றார். அந்த அம்மாவுக்குக் கார்னருக்கும் கோலுக்கும் வித்தியாசம் தெரியாது.

மூன்றாவது தோல்விக்குப் பிறகு சந்தேகப்பட மிச்சம் இருந்தது ஒரே ஆள்தான். மச்சான்.

மச்சான் உதவி கோச். மனைவியின் அண்ணன். அதற்கும் முன்னால், பதினாலு வருஷமும் கோச்சுக்குப் பக்கத்தில் நின்று ஆடிய இன்னொரு டிஃபெண்டர். வரிசை எழுதின தாள் அவர் பையில்தான் இருக்கும். கோச் உள்ளே நுழைந்தால் போனில் குரலைத் தாழ்த்தி, "அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறார். முதல் தோல்வி முடிந்த கையோடு எதிரணியின் உதவி கோச்சோடு டீ குடித்துக்கொண்டிருந்தார். அந்த ஆள் சிரித்த சிரிப்பு பஸ் வரைக்கும் கேட்டது. இதையெல்லாம்கூடப் பொறுக்கலாம். மூன்றாவது மேட்ச்சில் ஒவ்வொரு கார்னருக்கும் மச்சான் நகர்ந்து நகர்ந்து வந்து கோச்சுக்கு முன்னாலேயே நின்றார்.

"தள்ளி நில்லுடா, மறைக்குது!"

"சும்மா பாரு" என்று சொல்லிக்கொண்டே மச்சான் அங்கேயே நின்றார். கோச் அவர் தோளைப் பிடித்துத் தள்ளிவிட்டார். கேமராவில் தெரிய வேண்டுமாம்! இப்போதே என் இடத்தில் நின்று பழகுகிறான், என்று அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அந்தக் கோபம் ரெஃப்ரி மேல் திரும்பியதில் சிவப்பு அட்டை கிடைத்தது. அடுத்த மேட்ச்சுக்கு அவர் மைதானத்தின் ஓரத்தில் நிற்க முடியாது.

அடுத்த மேட்ச்சை கேலரியில், ரசிகர்களுக்கு நடுவே உட்கார்ந்து பார்த்தார். கீழே மச்சான் தனியாக நின்றார். வரிசை கோச் போட்டதுதான். ஆறு கார்னர், இரண்டு கோல். எதிரணிக்காரர்கள் திருவிழாக் கூட்டத்தில் பிள்ளையைத் தொலைத்தவர்களைப் போல முழித்தார்கள். பக்கத்தில் இருந்தவர் கோச்சைக் கட்டிப்பிடித்துக் குதித்தார். கோச் அவர் கையை விலக்கிவிட்டு உட்கார்ந்தார். நான் நின்றால் விஷயம் வெளியே போகிறது, அவன் நின்றால் போகவில்லை. என் இடத்தைப் பிடிக்கத்தான் இத்தனையும். இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

திங்கட்கிழமை காலையில் கிளப் செயலாளர் அறைக்குப் போனார்.

"அவன் இருந்தா நான் இல்ல சார்."

செயலாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அவர் உங்க மச்சான்தானே?"

"அதனாலதான் சத்தமில்லாம முடிக்கச் சொல்றேன்."

செயலாளருக்கு ஒரு கோச்சை இழப்பதைவிட ஓர் உதவி கோச்சை இழப்பது சுலபம். பதினொரு மணிக்குக் கடிதம் தயாராகி, பன்னிரண்டு மணிக்கு மச்சான் கைக்குப் போய்விட்டது.

இரண்டு மணிக்கு, மேட்ச் படங்களை வெட்டித் தொகுக்கிற பெண் லேப்டாப்போடு கோச்சின் அறைக்குள் வந்தாள். அழுதிருந்தாள் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"இத உங்ககிட்ட காட்டக் கூடாதுன்னு அவர் சொல்லியிருந்தார் சார். அவரையே அனுப்பிட்டீங்கன்னு கேள்விப்பட்டேன். இனிமே எனக்கு என்ன?"

மூன்று தோல்வியின் கார்னர்களும் அதில் இருந்தன. "இதை நான் பத்து தடவை பாத்துட்டேன்" என்றார் கோச்.

"பந்தைப் பாத்திருப்பீங்க. அதை விட்டுட்டு ஓரத்துல பாருங்க."

பார்த்தார். மைதானத்தின் ஓரத்தில் தொப்பை போட்ட ஒரு மனிதர் நின்றார். பந்து பக்கத்துக் கம்பத்துக்குப் போக வேண்டியிருந்தால் அவர் வலது தோள் முன்னதாகவே அந்தப் பக்கம் சாய்ந்தது. தூரத்துக் கம்பம் என்றால் குதிகால் இரண்டும் எழும்பி, கழுத்து நீண்டது. சின்னதாக அடிப்பது என்றால் ஒரு காலை மட்டும் தேய்த்தார். பந்தை வைப்பதற்கு முன்பே ஆடி முடித்துவிட்டார். பக்கத்து பெஞ்சில் எதிரணியின் உதவி கோச் பந்தைப் பார்க்கவே இல்லை. அந்தத் தொப்பைக்காரரைப் பார்த்துவிட்டுக் கையை உயர்த்தி விரல் காட்டினார். உயரமான ஆட்கள் ஓடினார்கள்.

"டீ குடிக்கும்போது எதிரணி உதவி கோச்சே உங்க மச்சான்கிட்ட வாய்தவறி உளறிட்டாராம். சரியான்னு பாக்கச் சொல்லித்தான் உங்க மச்சான் எனக்குத் தினமும் போன் பண்ணார்" என்றாள் அவள்.

மூன்றாவது மேட்ச் ஓடியது. மச்சான் குறுக்கே வந்து நின்றார். தொப்பைக்காரர் அவரைத் தள்ளிவிட்டார். அந்த இடத்தில் படத்தை நிறுத்தச் சொன்னார் கோச். அவமானத்தில் காது மடல் சுட்டது.

மச்சான் டிரெஸ்ஸிங் ரூமில் தன் அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்தார். கோச் கதவைச் சாத்தினார்.

"ஏன்டா சொல்லல?"

"சொன்னா கையக் காலக் கட்டிக்கிட்டு உக்காந்துடுவ. ஆட்டம்தான் போச்சு, அந்தத் துள்ளலாவது உனக்கு இருக்கட்டும்னு பாத்தேன்." மச்சான் ஷூவைப் பையில் திணித்தார். "நீ ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"கேட்டா பொய் சொல்லுவேன்னு நெனச்சேன்."

"போன ஞாயித்துக்கெழம என் வீட்டுல சாப்பிட்டியே, அப்பவும் இதே நெனப்புதானா?"

கோச் ஆமாம் என்று தலையாட்டினார். மச்சான் பையின் ஜிப்பை இழுத்து மூடினார்.

"லெட்டரக் கொடு. நான் போய்க் கிழிச்சுப் போட்டுட்டு வரேன்" என்றார் கோச்.

"வேண்டாம்டா. அடுத்து ஒண்ணு தோத்தா மறுபடியும் என்னைத்தான் பாப்ப. என்னால முடியாது." பையைத் தோளில் போட்டுக்கொண்டார். கதவருகே போய் நின்றார். "தங்கச்சிகிட்ட நானே விட்டுட்டேன்னு சொல்லிடு. முதுகு வலின்னு சொல்லு. நானும் அப்படியே சொல்றேன். இது உங்க ரெண்டு பேருக்கு நடுவுல வரக் கூடாது."

சாயங்காலம் கோச் வீட்டுக்குப் போனபோது மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணன் போனையே எடுக்கலைங்க. உடம்பு ஏதாவது சரியில்லையா?"

முதுகு வலி நாக்கு நுனியில் தயாராக இருந்தது. சொல்லிவிட்டால் ஆயுசுக்கும் யாரும் கேட்கப் போவதில்லை.

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. அவனை வேலைய விட்டு அனுப்பச் சொன்னது நான்தான்."

மனைவியின் கையில் சட்டை பாதி மடிப்பில் நின்றது. "அப்படி என்ன தப்பு பண்ணாரு எங்கண்ணன்?"

"ஒண்ணுமே பண்ணல" என்றார் கோச்.