கொலோனியல் அக்கா விட்டுப்போனவை

டென்மார்க்கின் எஸ்பியர்க்கில் கத்தரீனாவின் கடை வாசலில் ஒரு பழைய டேனிஷ் பலகை தொங்கியது: கொலோனியல். ஒரு காலத்தில் கப்பலில் வந்த மிளகும் கோப்பியும் விற்ற கடைகளுக்கு அந்த நாட்டுக்காரர் வைத்த பெயராம். கடையை வாங்கியவள் பலகையைக் கழற்றவில்லை. அதனால் ஊர்த் தமிழருக்கு அவள் கொலோனியல் அக்கா ஆனாள். பொல்லாத வாய். கத்தரிக்காயை அமுக்கிப் பார்த்தவர் அதை வாங்காமல் வாசல் தாண்ட முடியாது. ஏன் கலியாணம் கட்டவில்லை என்று கேட்டவர்கள் இன்னொருமுறை கேட்டதில்லை.

மேரிகிறேசுக்கு மட்டும் பதில் தெரியும். மீன் தொழிற்சாலையில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் நின்று மீன் வெட்டிய நாளிலிருந்து சிநேகிதம். கத்தரீனாவுக்கென்று வைத்திருந்த நகையும் காணியும் தங்கை பிலோமினாவின் சீதனமாகப் போயின. பிறகு அவள் தனக்கென்று எதையும் தேடவில்லை. புருஷனைக் கடலில் பறிகொடுத்து, பிள்ளையும் இல்லாமல் முல்லைத்தீவில் இருந்த அந்தத் தங்கைதான் அவளுக்கு மிஞ்சிய ஒரே உறவு.

2009 ஏப்ரலில் கத்தரீனா புற்றுநோயோடு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். குருத்தோலை ஞாயிறுக்கு மறுநாள் லண்டனில் இருந்த ஊர்க்காரர் ஒருவரிடமிருந்து மேரிகிறேசுக்கு அழைப்பு வந்தது. போர் நடந்த மாத்தளனில் செல் குண்டு விழுந்து பிலோமினா செத்துப்போனாள். சாகக் கிடப்பவளிடம் சாவைச் சொல்வது நம் ஆட்களிடம் வழக்கமில்லை. மேரிகிறேசும் சொல்லவில்லை. பாவம், வேறென்ன செய்வாள்?

கத்தரீனாவோ ஒவ்வொரு பின்னேரமும் விடாமல் கேட்டாள்.

"பிலோமினா எடுத்தவளே?"

"ஓம் அக்கா, ஆரோ ஒராளின்ர போனிலயிருந்து எடுத்தவள். சுகமாத்தான் இருக்கிறாளாம்."

"சாப்பாடு?"

"கஞ்சி குடுக்கினமாம்."

"என்னைப் பற்றி என்ன சொன்னவள்?"

"உங்களை வடிவாச் சாப்பிடச் சொன்னவள்."

ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொன்று தேவைப்பட்டது. பஸ்சில் வரும்போதே அன்றைக்கு என்ன சொல்வதென்று மேரிகிறேஸ் யோசித்துக்கொண்டு வருவாள். போர் முடிந்தது என்று தொலைக்காட்சியில் சொன்ன அன்றும் கத்தரீனா கேட்டாள்.

"இனி அவள் அகதிக் காம்புக்கு வந்திருப்பாள், என்ன?"

"ஓம் அக்கா. செட்டிகுளத்தில பேர் பதிஞ்சிட்டினமாம்."

கத்தரீனா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ சொன்னாச் சரி, கிறேஸ்." இரண்டாம் நாள் அவள் கண்ணை மூடினாள்.

அடக்கம் முடிந்து ஒரு கிழமையில் சட்டத்தரணி மேரிகிறேசை அழைத்து மரணசாசனத்தை வாசித்தார்.  கத்தரீனா எல்லாவற்றையும் தங்கைக்கே எழுதியிருப்பாள். உண்மையைச் சொல்லியிருந்தால் மாற்றி எழுதியிருப்பாளே, தன் பொய்யால் ஒரு சீவியகால உழைப்பு யாருக்கும் உதவாமல் போகப்போகிறதே என்று பயந்தாள்.

கோப்பி அரைக்கும் மெஷின் அடுத்த வீட்டு டேனிஷ் கிழவிக்கு. வாசல் பலகை நகரத்து மியூசியத்துக்கு; வேண்டாம் என்றால் அடுப்புக்கு. வங்கியில் இருப்பது தாய் தகப்பனை இழந்த வன்னிப் பிள்ளைகளுக்கு. கடையும் மேல்வீடும் மேரிகிறேசுக்கு.

"தங்கச்சிக்கு?" மேரிகிறேஸ் டேனிஷில் கேட்டாள்.

சட்டத்தரணி தாளைத் திருப்பிக் காட்டினார். சகோதரி பிலோமினா, இறந்துவிட்டார். கீழே கத்தரீனாவின் கையெழுத்து. திகதி ஏப்ரல் எட்டு.

"லண்டனிலிருந்து அவருக்கும் அழைத்துச் சொல்லியிருக்கிறார்கள்," என்றார் அவர். "தனக்குத் தெரியும் என்பதை உங்களிடம் சொல்லவேண்டாம் என்றார். பின்னேரங்களில் நீங்கள் வந்து தங்கையைப் பற்றிச் சொல்வதைக் கேட்க அவருக்கு ஆசையாம்."

ஆறு கிழமை, நாற்பத்திரண்டு பின்னேரம். தங்கை செத்துப்போனதைத் தெரிந்துகொண்டே, அவள் சாப்பிட்டாளா என்று கேட்டிருக்கிறாள். மேரிகிறேஸ் வீட்டுக்குப் போன பிறகு, கட்டிப்பிடிக்க ஓர் ஆளில்லாமல், அந்தக் கட்டிலில் தனியே கிடந்து அழுதிருக்கிறாள். மேரிகிறேசும் பஸ்சில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு தனியேதான் அழுதிருந்தாள்.

"எணை அக்கா, என்னோட சேர்ந்து அழுதிருக்கலாமேயெணை!" என்று அவள் அந்த அலுவலகத்தில் வாய்விட்டுக் கதறினாள். தமிழ் தெரியாத சட்டத்தரணி எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.