எரிமலை விளிம்பில் செல்வமலர்

எக்குவடோருக்குத் தனியாகப் போகப்போகிறேன் என்று செல்வமலர் சொன்னபோது பேரின்பநாயகம் சோற்றைப் பிசைந்த கையோடு நிமிர்ந்து பார்த்தார்.

"ஆரோடை?"

"ஒருத்தரோடையும் இல்லை. தனியத்தான்."

"உமக்கென்ன விசரே? அந்த நாடு எந்தப் பக்கம் இருக்கெண்டாவது தெரியுமே?"

"தென் அமெரிக்காவிலை. பிளேனிலை போய் இறங்கினா மிச்சம் நடை."

இத்தாலியின் பலெர்மோ நகரில், அல்பெர்கேரியாப் பகுதியின் ஒடுங்கிய சந்துக்குள் இருந்தது அவர்களின் சின்ன வீடு. பேரின்பநாயகம் கோபக்காரர் அல்ல, பயந்தவர். மொண்டெல்லோக் கடற்கரையில் ஓர் உணவகத்தின் குசினியில் சமையல் வேலை. கோடை முழுக்க அவருக்கு லீவு கிடையாது. மனைவியோடு கூடப் போகவும் வழியில்லை. பயம் வந்தால் அவருக்கு வாய் அடைத்துவிடும். இந்த முறையும் அடைத்துவிட்டது.

செல்வமலருக்கு நாற்பத்தொன்பது வயது. பொலிதேயாமாப் பகுதியில் ஒரு வயதான இத்தாலிய அம்மாவை, சிஞ்ஞோராவை, வீட்டோடு பராமரிப்பது அவள் வேலை. மாலையில் சிஞ்ஞோராவைச் சக்கர நாற்காலியில் வைத்துச் சதுக்கத்துக்குத் தள்ளிக்கொண்டு போவாள். அதே வேலை செய்யும் மார்த்தா என்ற எக்குவடோர்க்காரியும் அங்கே வருவாள். மார்த்தாவின் ஊர்ப் பக்கம் அடங்கிப்போன எரிமலை ஒன்று இருந்தது. அதன் வாய்க்குள் பச்சை நிறத்தில் ஓர் ஏரி. பெயர் கிலொத்தோவா. முதுகில் பையைச் சுமந்துகொண்டு, மலையும் பள்ளத்தாக்குமாக மூன்று நாள் நடந்து அதைப் பார்க்க எங்கெங்கிருந்தோ இளசுகள் வருவார்களாம்.

"என்னால் நடக்க முடியுமா?" என்று செல்வமலர் இத்தாலியனில் கேட்டாள்.

"நீதான் ஞாயிறு தவறாமல் பெல்லெக்ரினோ மலை ஏறுகிறாயே!" என்று மார்த்தா சிரித்தாள்.

பலெர்மோத் தமிழர் பலரைப் போல அவளும் அந்த மலைக்குகையில் இருக்கும் சந்தா ரொசாலியா என்ற புனிதையைக் கும்பிட ஞாயிறு காலைகளில் நடந்தே ஏறுகிறவள். மார்த்தா பகிடியாகத்தான் சொன்னாள். ஆனால் அது செல்வமலருக்குப் பகிடியாகப் படவில்லை. யோசித்துப் பார்த்தாள். இத்தாலிக்கு வந்த நாளிலிருந்து அவள் போன இடமெல்லாம் வேறு யாருக்காகவோ போன இடங்கள். வேலைக்கு, மகளின் பள்ளிக்கு, விசாவுக்காகக் குவெஸ்தூராப் பொலிசுக்கு, லண்டனில் சொந்தக்காரப் பெட்டை ஒருத்தியின் சாமத்தியவீட்டுக்கு. தனக்காக ஓரிடத்துக்கும் போனதில்லை.

ஓகஸ்டில் சிஞ்ஞோராவை மகன் தன் கடற்கரை வீட்டுக்குக் கூட்டிப்போனான். செல்வமலருக்கு விடுமுறை. மகள் ஆரணி தன் முதுகுப்பையைக் கொடுத்து, பாரம் தோளில் இறங்காமல் இடுப்புப் பட்டியை எப்படி இறுக்குவது என்று காட்டினாள்.

"போனிலை மலைப்பாதை மாப் போட்டு வைச்சிருக்கிறன் அம்மா. சிக்னல் இல்லாட்டியும் வேலை செய்யும். நீங்கள் போங்கோ. அப்பாவை நான் பாக்கிறன்."

பேரின்பநாயகம் விமான நிலையத்துக்கு வரவில்லை.

தலைநகர் கீத்தோவில் இறங்கி பஸ் மாறி, மலைக்கு நடுவே ஒரு கிராமத்தில் இரவு தங்கி, மறுநாள் விடிய நடை தொடங்கியது. அங்கே பேசுவது ஸ்பானிஷ். அவள் இத்தாலியனை மெதுவாகப் பேசினால் அவர்களுக்குப் பாதி புரிந்தது; மீதிக்கு மார்த்தா பழக்கிவிட்ட சொற்கள் இருந்தன. விடுதிகளில் மகளின் வயதுப் பெட்டைகளோடு ஒரே அறையில், அடுக்குக் கட்டிலில் படுத்தாள். கூட வந்தது யார் என்று எல்லோரும் கேட்டார்கள். ஒருவருமில்லை என்று சொன்ன முதல் தடவை குரல் தயங்கியது. பிறகு தயங்கவில்லை.

இரண்டாம் நாள் ஒரு சோளக்காட்டு ஓரத்தில் மூன்று நாய்கள் குரைத்தபடி ஓடிவந்தன. செல்வமலர் குனிந்து கல்லெடுப்பதுபோலக் கையை ஓங்கி, "அடீக்! போ அங்காலை!" என்று கத்தினாள். நாய்கள் வாலைச் சுருட்டிக்கொண்டு திரும்பின. அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்த வெளியில் தனியாக நின்று வாய்விட்டுச் சிரித்தாள்.

மூன்றாம் நாள்தான் சோதனை. பெரிய பள்ளத்தாக்கில் இறங்கி எதிர்ப்பக்கம் ஏறத் தொடங்கியபோது பனிப்புகார் இறங்கியது. முதலில் எதிர்மலை மறைந்தது. பிறகு பாதை மறைந்தது. மாப்பைப் பார்க்கப் போனை எடுத்தவளின் கால் எரிமலை மணலில் சறுக்கியது. புல்லைப் பிடித்து உடம்பை நிறுத்திக்கொண்டாள். போன் நிற்கவில்லை. கல்லில் மோதும் சத்தம் கீழே கீழே போய், பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

செல்வமலர் அப்படியே இருந்துவிட்டாள். முழங்கைத் தோல் உரிந்து எரிந்தது. அந்த உயரத்தில் சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கியது. 'அவர் சொன்னது சரிதான். எனக்கு விசர்தான்.' அழுகை வந்தது. தடுக்கவும் ஆள் இல்லை, பார்க்கவும் ஆள் இல்லை. ஆசை தீர அழுதாள்.

அழுது முடிந்ததும் தலை தெளிந்தது. சால்வையால் முகத்தைத் துடைத்துவிட்டு யோசித்தாள். கீழே போனால் பள்ளத்தாக்கு. மேலே எரிமலையின் வாய். அது வட்டமானது. அப்படியென்றால் இந்தச் சரிவில் எங்கே நின்று ஏறினாலும் போய்ச் சேருமிடம் விளிம்புதான்.

"மேலை போறது ஒண்டுதான் வேலை. எழும்பு," என்று தனக்கே உரத்துச் சொன்னாள்.

எழும்பினாள். கால் வைத்த மணல் பாதிக்குப் பாதி கீழே வழுக்கியது. புல் கற்றைகளைப் பிடித்து ஏறினாள். கொஞ்சம் ஏறுவாள், நிற்பாள், மூச்சு அடங்கியதும் மறுபடி ஏறுவாள். அவசரப்படவில்லை. அவளை எதிர்பார்த்துச் சமையலுக்கோ மருந்துக்கோ அங்கே ஒருவரும் காத்திருக்கவில்லை. இந்த எண்ணம் வந்ததும் கால்கள் இலேசாகின.

சரிவு திடீரென்று முடிந்தது. முகத்தில் காற்று அடித்தது. அந்தக் காற்றே புகாரைக் கிழித்துக்கொண்டு போக, காலடிக்கு வெகு கீழே, செங்குத்தான பாறைச் சுவர்களுக்கு நடுவே, வெயில் பட்டுப் பச்சைப் பசேலென்று கிடந்தது ஏரி.

"ஐயோ என்ரை அம்மாளாச்சி! வந்திட்டன்! நான் வந்திட்டன்!"

அவள் போட்ட கூச்சல் எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. இன்னும் பலமாகக் கத்தினாள்.

விளிம்புப் பாதை ஊருக்கு இட்டுச்சென்றது. அங்கே சாப்பாட்டுக்கடைக்காரி அவளின் முழங்கையைப் பார்த்ததும் வெந்நீர் கொண்டுவந்தாள். பிறகு தன் போனையும் நீட்டினாள். செல்வமலருக்குக் கணவரின் எண் மனப்பாடம். பலெர்மோவில் அப்போது இரவுச் சாப்பாட்டு நேரம். மொண்டெல்லோக் குசினி கொதித்துக்கொண்டிருக்கும். எடுப்பாரா?

எடுத்தார். "ப்ரொந்தோ?"

"நான்தான். மேலை வந்திட்டன்."

மறுமுனையில் தட்டுச் சத்தங்களுக்கு நடுவே அவர் குரல் உடைந்து வந்தது: "மத்தியானம் தொடக்கம் உம்மடை போன் வேலை செய்யேல்லை. நான் பயந்தே போனன்."

"எனக்கும் பயம்தான். பயத்தோடைதான் ஏறினனான். இஞ்சாருங்கோ, எங்கடை பெல்லெக்ரினோ மாதிரி ஆறேழு மலையை அடுக்கின உயரத்திலை நிக்கிறன்."

அவர் போனைக் கையில் பிடித்தபடியே குசினிக்குள் திரும்பி இத்தாலியனில் கத்தியது அவளுக்குத் தெளிவாகக் கேட்டது. "என் மனைவி எரிமலை ஏறிவிட்டாள்! தனியாக!" யாரோ கரண்டியால் சட்டியைத் தட்டினார்கள். பிறகு எல்லோரும் தட்டினார்கள். கோவில் மணிபோல அது கடலைத் தாண்டி வந்து அவள் காதில் விழுந்தது.

"நீர் கெட்டிக்காரி," என்றார் பேரின்பநாயகம். "சாப்பிட்டனீரே?"

"இனித்தான்."

கடைக்காரி ஆவி பறக்கும் உருளைக்கிழங்குச் சூப்பைக் கொண்டுவந்து வைத்தாள். செல்வமலர் இரண்டு கோப்பை குடித்தாள். விடுமுறை முடிய இன்னும் நாட்கள் இருந்தன. வாயைத் துடைத்துக்கொண்டு, நாளைக்கு இங்கிருந்து எந்தெந்த ஊர்களுக்கு பஸ் போகும் என்று கடைக்காரியிடம் கேட்டாள்.