வடக்குப் படிகள்

கோட்டை வாசலைத் தாண்டியதுமே ஆபீசர் கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார். வௌவால் புழுக்கையும் ஆட்டு மூத்திரமும் சேர்ந்து அந்த வாசலில் எப்போதும் அடிக்கிற நாற்றம்தான். கொளஞ்சியப்பனுக்கு அது பழகிப்போனது. அவருக்குக் குமட்டியது முன்னால் போய்க்கொண்டிருந்த வைரக்கண்ணுவைப் பார்த்துத்தான். கோட்டைக் காவல்காரன். கால்சட்டைக்கு மேலே சர்க்கார் கொடுத்த காக்கிக் கோட்டு, இன்றைக்கென்று நெற்றியில் பட்டை விபூதி, கடைவாயில் வெற்றிலை.

"குனிஞ்சு வாங்க சார். நவாபு யான மேல ஒக்காந்துக்கிட்டே இந்த வாசல்லதான் நொழைவாராம்."

மனுஷனே குனிந்து நுழைகிற வாசலில் யானை எப்படி நுழைந்தது என்று ஆபீசர் கேட்பார் என்று கொளஞ்சியப்பன் காத்திருந்தார். ஆபீசர் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து எழுதிக்கொண்டார். இதற்குத்தான் இத்தனை வருஷம் படித்திருக்கிறான்.

காலையில் வெங்காயக் காட்டுக்கே வந்து கூப்பிட்டான் வைரக்கண்ணு. திருச்சியிலிருந்து ஆபீசர் வந்திருக்கிறார், கோட்டையைச் சுற்றிப் பார்க்கிறார், விசாரிக்க ஊரில் வயசாளி ஒருவர் கூட வரணுமாம். கொளஞ்சியப்பனைவிட மூத்த கட்டைகள் ஊரில் நாலு பேர் இருந்தார்கள். அவர்களை விட்டு இவரைக் கூப்பிட்டபோதே இதில் ஏதோ இருக்கிறது என்று பட்டது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் மழை பொய்த்தபோது அவர் கிணறு வெட்டினார். தண்ணீர் வந்தது; மண் நிற்கவில்லை. ஓடை மண், தொட்டால் சரிந்தது. கோட்டைக் குளத்தின் வடக்குப் படிகளை இரண்டு வண்டி நிறையப் பெயர்த்துக்கொண்டு போய்க் கிணற்றில் பாதிச் சுற்றுக்கு அடுக்கினார். பட்டப்பகலில்தான். கடப்பாரை போட்டு நெம்பிக் கொடுத்தவனே இந்த வைரக்கண்ணுதான். அதற்கு ஒரு கிடாவும் வரகு மூட்டையும் வாங்கிக்கொண்டான். அந்தத் தண்ணீரில்தான் வெங்காயம் விளைகிறது. மகன் செத்த பிறகு மருமகள் செங்கமலமும் பிள்ளைகளும் அதை நம்பித்தான் இருக்கிறார்கள். கோட்டைக் கல்லில் ஒன்றைத் தொட்டாலும் ஜெயில் என்று இப்போது வாசலில் பலகை அடித்திருக்கிறார்களாம். அவருக்குப் படிக்கத் தெரியாது. பிள்ளைகள் படித்துச் சொன்னார்கள்.

"இது ராணி குளிச்ச எடம் சார். பன்னீர்லதான் குளிக்கும்."

அது வெடிமருந்து கொட்டி வைத்த கிடங்கு என்று அவருடைய அப்பன் சொல்லியிருக்கிறார். இப்போது ஊர் நாய்கள் குட்டி போடுகிற இடம்.

"இது சொரங்கம். செஞ்சிக் கோட்ட வரைக்கும் போவுது. குதிரையிலயே போவலாம்."

அந்தச் சுரங்கத்தில் போன வருஷம் அவருடைய வெள்ளாடு புகுந்துகொண்டது. பத்தடியில் சுவர். ஆட்டைக் காலைப் பிடித்துத்தான் இழுக்க வேண்டியிருந்தது. ஆபீசர் உள்ளே எட்டிப் பார்த்து, "அடேயப்பா" என்றார். எழுதிக்கொண்டார்.

பொய் சொல்கிறவனைக்கூட ஒரு பக்கம் சகித்துவிடலாம், அதைத் துரைத்தனத்துக் காகிதத்தில் வாங்கி ஏற்றுகிறவனை என்ன செய்வது என்று நினைத்தபடி கொளஞ்சியப்பன் காறித் துப்பினார். துப்பியது வைரக்கண்ணுவின் காலடியில் விழுந்தது. அவன் காலை நகர்த்திக்கொண்டு சிரித்தான்.

குளத்துக்கு வந்தார்கள். ஆபீசர் நின்றார். மூன்று பக்கமும் படி. வடக்கே வெறும் மண் சரிவும் எருக்கஞ்செடியும்.

"இந்தப் பக்கத்துப் படியெல்லாம் எங்கே?"

"பீரங்கிக் குண்டு விழுந்துட்டுங்க சார். வெள்ளக்காரன் சண்டையில."

"குண்டு விழுந்தால் உடைந்த கல்லாவது கிடக்குமே?" ஆபீசர் முதல் தடவையாகச் சந்தேகப்பட்டார். திரும்பினார். "பெரியவரே, நீர் சொல்லும்."

வைரக்கண்ணு வானத்தைப் பார்த்தான். ஏன் தன்னைக் கூப்பிட்டான் என்பது அப்போது கொளஞ்சியப்பனுக்கு முழுசாக விளங்கியது. ஊரிலேயே இந்த ஒரு கேள்விக்கு உண்மை சொல்ல முடியாத ஆள் அவர் ஒருவர்தான். சொன்னால் இவன் வேலை போகும். ஆனால் அவருடைய கிணற்றையல்லவா பிரிப்பார்கள்!

"எங்க தாத்தா காலத்துலயே இல்லீங்க," என்றார். அது போதவில்லை என்று தோன்றியது. "குண்டு விழுந்ததுன்னுதான் சொல்லுவாரு. உடஞ்ச கல்லெல்லாம் வெள்ளத்துல போயிட்டுதாம்."

அந்த வெள்ளத்தை யாரும் சொல்லித்தரவில்லை. அவரே உண்டாக்கினார்.

ஆபீசருக்குத் திருப்தி. பெயர், தகப்பன் பெயர் கேட்டு எழுதினார். கையெழுத்து வராது என்றதும் பேனாவைத் திறந்து அவருடைய கட்டைவிரலில் மையைத் தடவி, தாளில் அழுத்தி எடுத்தார். பிறகு கைக்குட்டையால் தன் விரல்களைத் துடைத்துக்கொண்டு, வெயில் தாங்காமல் வாசலுக்கு வெளியே நின்ற காரை நோக்கி நடந்தார்.

வைரக்கண்ணு கிட்டே வந்தான். வெற்றிலை வாடை முகத்தில் அடித்தது.

"பொழைச்ச மாமா. வெள்ளத்த எங்கேர்ந்து புடிச்ச? எனக்கே வரல அது!"

"போடா நாயே."

"கோவிக்காத. அவரு எழுதுனத எட்டிப் பாத்தேன். எந்தப் பக்கத்துப் படின்னு எழுதல, எத்தன படின்னும் எழுதல. பீரங்கிக் குண்டு வடக்கால மட்டுமா விழுவும்? மேக்காலயும் விழுந்திருக்கும்ல? நீதான் ரேக வச்சிட்டியே. ஒங் கெணத்துல இன்னும் பாதி பாக்கியிருக்கு. கிடா இருந்தா சொல்லியனுப்பு."

"ஒன்னயெல்லாம் பெத்தாளே ஒருத்தி. த்தூ!"

அவன் சிரித்துக்கொண்டே ஆபீசர் பின்னால் ஓடினான்.

கொளஞ்சியப்பன் மேற்குப் படியில் இறங்கித் தண்ணீரில் கட்டைவிரலைத் தேய்த்தார். பாசித் தண்ணீர். மை போகவில்லை, ரேகைக்குள் நீலம் நீலமாக நின்றது. மண்ணைப் போட்டுத் தேய்த்தார். போகவில்லை. இந்த மழைக்குக் கிணற்றில் கல் அடுக்காத கீழ்ப்பக்கம் ஒரு வண்டி மண் சரிந்து விழுந்ததும், செங்கமலம் குடத்தோடு பின்னால் பாய்ந்ததும் நினைவில் வந்தன. படியில் உட்கார்ந்தார். கல் வழவழவென்று, ஓரம் ஒன்றுகூட உடையாமல் இருந்தது.

வெளியே கார் உறுமிக் கிளம்புகிற சத்தம் கேட்டது. குனிந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, அவருடைய கை படியின் நீளத்தைச் சாண் போட்டுக்கொண்டிருந்தது. ஈரக் கட்டைவிரல் ஊன்றிய இடத்திலெல்லாம், கல்லில் சாணுக்கு ஒன்றாக, மங்கலான நீலப் பொட்டுகள்.