அல்மெய்தாவுக்கு மாலை

நோர்வூட்டுக்கு மேலே ஒரு தோட்டத்தில், பகலில் கைக்குழந்தைகள் தூங்கும் பிள்ளைக்காம்பிராவில்தான் ஜெரோமியின் மாலை வகுப்பு நடந்தது. இடம் தோட்டத்துடையது. இனியும் கொடுப்பதா, சாவியைத் திருப்பி வாங்குவதா என்று பார்த்துச் சொல்லத் தோட்டத் துரை அன்றைக்குத் தன் நலன்புரி அதிகாரி மரியரட்ணத்தை அனுப்பியிருந்தார். அவருக்காகவே ஜெரோமி மண்டையைக் குடைந்து, நாடுகாண் பயணிகள் பாடத்தை நாடகமாக்கியிருந்தாள். ஆக்கிய பிறகு, பேசாமல் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கலாமோ என்று இரவெல்லாம் புரண்டாள்.

திட்டம் என்னவோ தெளிவுதான். சுவரோரத்தில் உட்காரப் போட்ட நீள வாங்குதான் கப்பல். சுமன், காற்றில் தள்ளுண்டு இலங்கைக்கு வந்த போர்த்துக்கேயத் தளபதி அல்மெய்தா. மற்றப் பிள்ளைகள் கரையில் நிற்கும் ஊர்ச்சனம். கப்பலைக் கண்டு சனம் பயந்து ஒதுங்கும். பிறகு வந்தவர்கள் கண்ணாடி கொடுத்துக் கறுவாப்பட்டை வாங்குவார்கள். அதன்பின் எல்லாரும் உட்கார்ந்து எழுதுவார்கள்.

மரியரட்ணம் உள்ளே வந்தவர் நேராகப் போய்க் கப்பலில் உட்கார்ந்துவிட்டார். எழுந்திருங்கள் என்று சொல்ல ஜெரோமிக்கு வாய் வரவில்லை. சுமன் அவர் பக்கத்தில் ஒண்டிக்கொண்டான்.

"ஐயா, கொஞ்சம் ஆடுங்க. கடலு."

அவர் ஆடவில்லை.

கரையில் தனுஷிகா தூது சொன்னாள். "வந்தவங்க கல்லத் திங்கிறாங்க, ரத்தத்தக் குடிக்கிறாங்க."

"அது கல்லு இல்லடி, மாவுல சுட்ட பாணு. ரத்தம் இல்ல, வைனு" என்றாள் லோஜினி. "எங்க பாதர் ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம குடிக்கிறாரே."

மாதா கோயில் கமிட்டியிலும் இருந்த மரியரட்ணம் தொண்டையைச் செருமினார்.

சுமன் இறங்கிக் கொடியை ஊன்றினான். சனம் பயந்து ஒதுங்க வேண்டிய இடம் இது. ஒதுங்கவில்லை, வரிசையாக நின்றது. தனுஷிகா சுவரில் தொங்கிய காகித மாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டாள். தோட்டத்துக்கு யார் புதிதாக வந்து நான்தான் பொறுப்பு என்றாலும் நடப்பது அதுதான். மாலை போட்ட கையோடு குறையையும் சொல்லிவிடுவார்கள்.

"வாங்க தொரை. எங்க லயத்து வீட்டுக் கூரை ஒழுகுது."

"கக்கூசுக் கதவக் காத்து கொண்டுபோயிருச்சுங்க."

அல்மெய்தா திணறினார். பிறகு கைகளைப் பின்னால் கட்டி, வயிற்றைத் தள்ளி, அச்சு அசலாக மரியரட்ணத்தின் குரலில், "பாக்கலாம், பாக்கலாம். கம்பனிக்கு எழுதியிருக்கு" என்றார்.

ஜெரோமி மரியரட்ணத்தைப் பார்த்தாள். நிறுத்தினால் எதை மறைக்கிறாய் என்பார். நிறுத்தாவிட்டால் சாவியைக் கேட்பார். எது குறைந்த கேடு என்று அவள் எடைபோட்டு முடிப்பதற்குள் சனம் முன்னேறிவிட்டது.

"போன தொரையும் இதத்தான் சொன்னாரு. எப்ப செய்வீங்க?" என்றாள் லோஜினி.

"நான் கண்டுபிடிக்கத்தாம்மா வந்தேன். ரிப்பேருக்கு வேற ஆளு."

"அப்ப கப்பல் போகாது."

சனம் வாங்கைச் சுற்றி உட்கார்ந்தது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று கண்ட அல்மெய்தா, நைசாக நழுவிச் சனத்தோடு சனமாக உட்கார்ந்துகொண்டார். கப்பலில் மிச்சம் மரியரட்ணம் மட்டும்.

"ஐயா, இது நாடகந்தாங்க" என்றாள் ஜெரோமி.

"தெரியுதும்மா." அவர் காலை நகர்த்தப் பார்த்தார். இடமில்லை. "என் கொரல் அப்பிடியா இருக்கு?"

சுமன் கழுத்து மாலைக்குள் முகத்தைப் புதைத்தான்.

"கூரையப் பத்தி நான் வாயத் தொறக்க மாட்டேன்" என்றார் கடைசியில். "தொறந்தா, பாக்கலாம்னுதான் வரும். சாவி ஒங்ககிட்டயே இருக்கட்டும். வகுப்பு நல்லா நடக்குதுன்னு தொரைகிட்ட சொல்றேன்."

"என்ன பாடம்னு கேட்டா, ஐயா?" என்றாள் ஜெரோமி.

"கணக்குன்னு சொல்லிக்கிறேன்."

சனம் எழுந்து வழி விட்டது. தனுஷிகா மட்டும் கொஞ்சம் யோசித்துத்தான், வழியில் நீட்டியிருந்த காலை மடக்கினாள்.