தாழ்ப்பாள் இந்தப் பக்கம்

நாற்பத்தேழாம் பக்கத்தில் க்ளெனிஸ் புத்தகத்தைத் தொப்பென்று மேசைமேல் போட்டாள். இந்த எழுத்தாளருக்குத் தாய்மார்களைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது என்பது அவளுக்கு உறுதியாகிவிட்டது.

ஏழு பாகத் தொடரில் இது நான்காவது. ஓர்லா என்ற பெண் ஆட்டுக் கொட்டகையின் பின்கதவு வழியாக வேறோர் உலகத்துக்குப் போய்விடுகிறாள். அங்கே இரண்டு நிலா, பேசும் ஆறு, ஓயாத சண்டை. அதையெல்லாம் க்ளெனிஸ் தாராளமாக நம்புவாள். ஆனால் மகள் போனபின் அம்மா வெறுப்பில் கதவைத் தாழிட்டாளாம். வெறுப்பாவது, மண்ணாங்கட்டியாவது! பயத்தில் தாழிட்டிருப்பாள். இதைக்கூடத் தெரியாமல் நாலு பாகம் எழுத எப்படித்தான் மனசு வந்ததோ.

டாஸ்மேனியாவின் மேற்குக் கரையில், மழை விடாத அந்தச் சுரங்க ஊரின் நூலகத்தில் அவளுக்குப் பதினெட்டு வருட வேலை. திரும்பி வரும் புத்தகங்களில் பென்சில் கிறுக்கல்களை அழிப்பது அவள் பொறுப்பு. கூட வேலை செய்யும் நொலீன் அவளை 'ரப்பர் ராணி' என்றுதான் கூப்பிடுவாள். வீட்டில் கதை வேறு. முதல் மூன்று பாகங்களையும் அவளும் மகள் டாம்சினும் ஒரே பிரதியில் படித்தார்கள். முந்திப் படிப்பவள் நிறுத்திய இடத்தில் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பாள். 'இங்கே நிற்கிறேன், நீ வந்து சேரும்வரை தாண்டமாட்டேன்' என்று அதற்கு அர்த்தம். டாம்சின் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஹோபார்ட்டுக்குக் கிளம்பிய அன்று அதுவும் நின்றது.

"இப்பப் போனா திரும்பி வராதே" என்று க்ளெனிஸ் வாசலில் நின்று சொல்லியிருந்தாள். இரண்டு வருடமாகிறது. மகள் சொல்பேச்சு கேட்டது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

புத்தகத்தை மறுபடி எடுத்தபோது அட்டைக்குள்ளிருந்து முன்பதிவுச் சீட்டு நழுவி விழுந்தது. அடுத்துக் கேட்டிருப்பவர்: டாம்சின் ஹர்ஃபோர்டு, ஹோபார்ட்.

அப்போதுதான் முதல் பாகம் நினைவுக்கு வந்தது. கொட்டகைக் கதவுக்குத் தாழ்ப்பாள் ஒன்றே ஒன்றுதான், அதுவும் வீட்டுப் பக்கம். தெள்ளத்தெளிவாக எழுதியிருந்தது. இந்த ஓர்லா ஏன் வீடு திரும்பமாட்டேன் என்கிறாள் என்று மூன்று பாகம் முழுக்க அவளைத் திட்டித் தீர்த்தாளே, அவள் எப்படித் திரும்புவாள்? எழுத்தாளருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரியாதவள் வேறொருத்தி. க்ளெனிஸுக்கு முகம் சுட்டது.

அவள் பென்சிலைச் சீவினாள். பதினெட்டு வருடத்தில் நூலகப் புத்தகம் ஒன்றில் அவள் எழுதுவது இதுவே முதல் முறை. நாற்பத்தேழாம் பக்க ஓரத்தில், 'தாழ்ப்பாளை எடுத்துட்டேன். அம்மா' என்று அழுத்தி எழுதினாள். மறுநாள் காலை ஹோபார்ட் நூலகத்துக்குப் போகும் பெட்டியில் புத்தகத்தைத் தன் கையாலேயே வைத்தாள்.

அடுத்த மூன்று வாரமும் புத்தகப் பெட்டி கொண்டுவரும் வண்டிச் சத்தம் கேட்டதும் வாசலுக்கு ஓடினாள். கால்வலிக்கு நடை நல்லதாம் என்று நொலீனிடம் ஒரு சாக்கு. நான்காம் வாரம் அவள் பல் மருத்துவரிடம் போயிருந்த நேரமாகப் பார்த்துப் பெட்டி வந்து சேர்ந்தது. திரும்பி வந்தால், நொலீன் மேசையில் அந்தப் புத்தகம் விரிந்து கிடக்கிறது, கையில் ரப்பர்.

"பாரு இந்தக் கொழுப்பை! ஓரத்துல கடிதாசியே எழுதியிருக்குதுங்க. உனக்கு வேலை மிச்சம்னு நானே அழிச்சிட்டேன். இந்தப் புள்ளி மட்டும் போகமாட்டேங்குது, என்னமா அழுத்தி வச்சிருக்கு."

க்ளெனிஸ் குனிந்து பார்த்தாள். அவள் எழுதிய இடம் வெளுத்துக் கிடந்தது. அதற்கு நேர் கீழே, தாள் குழியும்படி ஒரு புள்ளி. இன்னும் இருநூறு பக்கம் மீதியிருக்கிற புத்தகத்தில் நாற்பத்தேழாம் பக்கத்தோடு நிறுத்திவிட்டாள் பாவி மகள்.

"அதை விட்டுடு நொலீன்."

"ரப்பர் ராணியா பேசுறது?"

க்ளெனிஸ் புத்தகத்தை இரண்டு கைகளாலும் வாங்கி, புள்ளியைச் சுற்றிக் கிடந்த ரப்பர் தூளை மெல்ல ஊதினாள்.