கொக்கு இல்லாத கால்கள்

குத்தாலம் கடைத்தெருவில் லியாகத் அலியின் ஜவுளிக்கடை வாசலில், ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கே கூட்டம் சேர்ந்துவிட்டது. ஐந்து மணிக்குப் பரிசு. பரிசான கிரைண்டர் அட்டைப்பெட்டியோடு கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

போட்டி ரொம்ப எளிது. செய்தித்தாளோடு வீடுவீடாக வந்த நோட்டீஸில் இரண்டு படம். இரண்டிலும் ஒரே நடவு வயல். ஆறு வித்தியாசம் கண்டுபிடித்துச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போட வேண்டும். நோட்டீஸின் அடியில் ‘வடிவமைப்பு: ஷமா’ என்று இருந்தது. ஷமாவின் பெயர் அச்சில் வந்தது அதுதான் முதல் தடவை.

சீட்டுகளைப் பிரித்துப் பார்த்த, கல்லாவில் உட்காரும் உபைதுல்லா அவளுக்குப் போன் போட்டான்.

“லாத்தா, எல்லாரும் அஞ்சுதான் சரியா எழுதியிருக்காங்க. ஆறாவதுதான் ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. வானம் வேறங்கறார் ஒருத்தர். நாத்து நடுற பொம்பளை மூஞ்சியில கோபம் கூடியிருக்குங்கறார் இன்னொருத்தர். அதை விடுங்க, ஒரு சீட்டைக் கேளுங்க. ‘வலது பக்கத்து வயல்ல ரெண்டு காலும் ஒரு மூக்கும் தனியா நிக்குது.’ கடைக்கு வர்றவங்களுக்கெல்லாம் படிச்சுக் காட்டிட்டிருக்கேன்.”

ஷமா சிரிக்கவில்லை. “வலது படத்துல வெள்ளைக் கொக்கு இருக்கே, அதுதான் ஆறாவது.”

“கொக்கா? எந்தக் கொக்கு?”

வீட்டில் கிடந்த நோட்டீஸை எடுத்துப் பார்த்தாள். வயல் இருந்தது, வரப்பு இருந்தது. கொக்கு இல்லை. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ பிடித்தாள்.

கடை வாசலில் கோவிந்தராசு குரல்தான் உரக்கக் கேட்டது. தேரிழந்தூர்ப் பக்கம் நாலு வேலி நிலம் பார்ப்பவர். “குறுவைக்குத் தண்ணி வருதான்னுகூட நான் இவ்வளவு உத்துப் பாத்ததில்ல பாய். லென்ஸ் வெச்சுப் பாத்துட்டேன். அஞ்சுதான். கிரைண்டரை யாருக்கும் குடுக்காம இருக்கத்தானே இந்த வேலை?”

பின்னால் நின்ற அவர் மனைவி அகிலாண்டம், “லென்ஸைத் தலைகீழாப் பிடிச்சிருந்தாரு” என்று பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்.

லியாகத் அலி ஷமாவை உள்ளே அழைத்தார். சத்தம் போடவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

“ரம்ஜான் விளம்பரம் மொத்தமும் உன்கிட்ட குடுக்கறதா இருந்தேம்மா. ஆறுன்னு போட்டு அஞ்சுதான்னா, இவன் துணி அளக்கறதும் இப்படித்தான்னு ஊர் சொல்லும். அஞ்சு மணிக்கு வாசல்ல நின்னு நான் ஏதாவது சொல்லியாகணும்.”

“பத்து நிமிஷம் குடுங்க மாமா.”

வாசலைப் பார்த்துப் புதுச் சேலைகளைக் காட்டும் பெரிய டி.வி.யில் லேப்டாப்பை இணைத்தாள். அவள் படம் வரைவது கிம்ப் என்கிற இலவச மென்பொருளில். கண்ணாடித் தாள்களை அடுக்குவதுபோல ஒவ்வொரு பொருளையும் ஒவ்வொரு லேயரில் வரைந்து மேலே மேலே வைக்கலாம். மேல் லேயர் கீழ் லேயரோடு எப்படிக் கலக்க வேண்டும் என்பதற்கு ஒரு பட்டியலே உண்டு.

அச்சுக்குப் போன இரண்டு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ‘டிஃபரன்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுத்தாள். டி.வி. இருண்டது.

“கரண்ட் போச்சா?” என்றார் கோவிந்தராசு.

“இல்லீங்க. ஒண்ணுலேருந்து ஒண்ணைக் கழிக்குது. ரெண்டும் ஒரே மாதிரி இருக்கற இடம் கறுப்பாயிடும். மாறுன இடம் மட்டும் மின்னும்.”

மின்னியது. பானை, கொண்டைப் பூ, வரப்பில் கிடந்த செருப்பு, டிராக்டர் சக்கரம், தேங்காய்க் குலை. கூட்டம் சேர்ந்து எண்ணியது. ஐந்தோடு நின்றது.

ஷமா கீழ்ப்பக்கத்தைப் பெரிதாக்கினாள். இருட்டில் ஈர்க்குச்சி மாதிரி இரண்டு கோடு. அதற்கு மேலே சற்றுத் தள்ளி ஒரு சின்னக் கூர்.

“ரெண்டு கால், ஒரு மூக்கு” என்றான் உபைதுல்லா மெதுவாக. அவன் கை தானாக, அந்தச் சீட்டு இருந்த சட்டைப் பைக்குப் போனது.

ஷமாவுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. கொக்குக்கு அடியில் நிழல் போடுவதற்காக ‘மல்டிப்ளை’யைத் தேர்ந்தெடுத்தாள். அந்த நேரம் பார்த்து தோஹாவிலிருந்து கணவன் ஃபாஜிலின் வீடியோ கால். பேசி முடித்த கையோடு, நிழலை வரையவே மறந்து படத்தை அச்சுக்கு அனுப்பிவிட்டாள். மல்டிப்ளை போய் உட்கார்ந்தது நிழல் லேயரில் அல்ல, கொக்கு லேயரில்.

“என் தப்புதான் மாமா. மல்டிப்ளைன்னா பெருக்கல். அதுல வெள்ளைக்கு மதிப்பு ஒண்ணு. எதை ஒண்ணால பெருக்கினாலும் அதேதானே வரும்? வெள்ளை உடம்பு இருந்த இடத்துல அடியில இருந்த பச்சை வயல் அப்படியே தெரிஞ்சுடுச்சு. கறுப்பு சைபர் மாதிரி, எதைப் பெருக்கினாலும் கறுப்புதான். காலும் மூக்கும் கறுப்பு, அதனால அது மட்டும் நின்னுடுச்சு.”

கொக்கு லேயரை நார்மலுக்கு மாற்றினாள். பச்சை வயலில் பளிச்சென்று ஒரு கொக்கு வந்து நின்றது. கூட்டத்தில் யாரோ விசில் அடித்தார்கள்.

“அந்தச் சீட்டு யாரோடது?” என்றார் லியாகத் அலி.

உபைதுல்லா பிரித்துப் படித்தான். “அகிலாண்டம், தேரிழந்தூர். மத்த அஞ்சும் சரியா இருக்கு.”

கோவிந்தராசு திரும்பி மனைவியைப் பார்த்தார். “பாய், இது செல்லாது. கொக்கே இல்லாதப்போ அது எப்படி வித்தியாசம்?”

“இடது படத்துல கால் இருக்கா?”

“இல்ல.”

“வலதுல?”

“இருக்கு.”

“அப்புறம் என்ன? கொக்கைக் கண்டுபிடிக்கச் சொல்லி நான் போட்டி வைக்கலையே.”

“நேத்து ராத்திரி சொன்னப்போ, உனக்குக் கண்ணு பூத்துப்போச்சுன்னீங்க” என்றாள் அகிலாண்டம். “பெட்டியைத் தூக்குங்க.”

வாசலில் நின்று லியாகத் அலி நடந்ததை மறைக்காமல் சொல்லி, பரிசைக் கொடுத்தார். கைதட்டல் ஓய்ந்ததும் ஷமாவிடம் வந்தார்.

“ரம்ஜான் நோட்டீஸ் நீயே போடு. ஒரே ஒரு நிபந்தனை.”

“சொல்லுங்க மாமா.”

“அச்சுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி அகிலாண்டத்துக்கிட்ட ஒரு தடவை காட்டிடு.”

வெளியே மொபெட்டில் கிரைண்டரை நடுவில் வைத்து, அதைக் கட்டிப்பிடித்தபடி அகிலாண்டம் பின்னால் ஏறினாள். “மேடு பள்ளம் பாத்து ஓட்டுங்க. பள்ளத்தைப் பாக்க லென்ஸ் வேணும்னா நான் தர்றேன்.”

ஷமாவின் போன் அடித்தது. தோஹா. அவள் அதைக் கவிழ்த்து வைத்தாள். கொக்கு லேயர் நார்மலில் இருக்கிறதா என்று இன்னொரு முறை பார்த்துச் சேமித்துவிட்டுத்தான் எடுத்தாள்.